சைரனுக்கு நான்கு சொற்கள்

பிப்ரவரி 2

பூனைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கை, கால், பெட்டி எல்லாம் முழுசாக இருக்கின்றன. வாய் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

நம் தெருவில் எனக்கு என்ன பேர்? சைரன். நான் கோல் கம்பத்தடியில் நின்று கத்தினால் மூன்றாவது தெருவில் குக்கரை இறக்கிவிடுவார்கள் என்று அம்மா சொல்வாளே, அந்தச் சைரன் ஐந்து நாளாக ஊமை. மைதானத்தில் இருபத்திரண்டு பெண்கள், ஒரு கோச்சம்மா. எல்லோரும் இந்த நாட்டு மொழியில் பொரிந்து தள்ளுகிறார்கள். எனக்குத் தெரிந்ததோ 'நன்றி', 'தண்ணீர்', 'வலிக்கவில்லை' என்று மூன்றே சொல்.

கோல்கீப்பருக்குப் பந்தைப் பிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி கத்துவது. எனக்கு முன்னால் நின்று தடுக்கிற நால்வருக்கும் முதுகில் கண் இல்லை. நான்தான் அந்தக் கண். பந்து எனக்கா, விடணுமா, முன்னே ஏறணுமா, தூக்கி அடிக்கணுமா, எல்லாம் நான் சொல்ல வேண்டும். இன்று ஒரு கார்னர் பந்துக்கு நானும், தடுப்பு வரிசையில் இருக்கும் நெட்டைப் பெண்ணும் ஒன்றாக எகிறினோம். அவள் தலை என் தாடையில். மனசுக்குள் அவளுக்குக் 'கம்பம்' என்று பேர் வைத்துவிட்டேன். அவள் சிரித்தாள். நான் ரத்தம் துப்பினேன்.

அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது, துணி காயப்போட வேண்டிய வேலை இல்லை, தரையில் விரித்தால் போதும். காலையில் கிளப்பின் சாமான் அறையில் பந்துக்குக் காற்றடிக்கிறேன், வலை பின்னுகிறேன். மாலையில் பயிற்சி. சட்டை, ஆண்கள் அணி போட்டுக் கழித்தது. அதற்குள் என்னைப்போல் இன்னொருத்தி குடியிருக்கலாம்.

ஏப்ரல் 30 வரை எனக்குச் சோதனைக் காலம். பிடித்துப்போனால் இரண்டு வருட ஒப்பந்தம். இல்லையென்றால் திரும்பும் டிக்கெட். தபால் அலுவலக நிரந்தர வேலையை உதறிவிட்டு வந்தவள், இருபத்தேழு வயதில் டிக்கெட்டோடு திரும்பி வந்து அப்பா முகத்தைப் பார்க்க முடியுமா?

நீ இந்த மொழியில் பட்டம் வாங்கியவள். எனக்கு அந்த நாலு சொல்லையும் எழுதி அனுப்பு. போன் வேண்டாம். அம்மா அழுவாள், அதைக் கேட்டு நான் அழுவேன், பக்கத்தில் அப்பா செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்கும்.

சைரன்


பிப்ரவரி 4

அக்கா,

மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியில் இதைத் தட்டுகிறேன். போன் வேண்டாம் என்றாய், நல்லது. போனில் எனக்கு 'ம்' தவிர வேறு வராது. எழுதினால்தான் வாய் வருகிறது.

அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நீ போகப்போவது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? கட்டிலடியில் பெட்டியைக் காணோம். அம்மாவிடம் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அப்பாவிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினாள். தெருவுக்கே கேட்கும்படி பேசுகிற நீ, இதை என் காதில் கிசுகிசுக்கக்கூட இல்லை.

அப்பா கேட்டது இவ்வளவுதான்.

"எத்தன நாளைக்கு?"

"மூணு மாசம்பா."

"அதுக்கப்புறம்?"

அவர் பதிலுக்கு நிற்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு உன் பேச்சை எடுக்கவில்லை.

நீ கேட்டதை இணைத்திருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன், எங்கள் பிரிவுத் தலைவரிடமும் காட்டினேன். புது இடம், உன்னைவிடப் பெரியவர்களும் இருப்பார்கள் என்பதால் மரியாதை குறையாமல் எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்துகொள்.

பூனை


பிப்ரவரி 16

அடியே பட்டதாரி,

மனப்பாடம் செய்தேன். சலவைக் கடைக்காரர் பயந்து மேலே வந்து பார்க்கிற அளவுக்குச் செய்தேன்.

நேற்று பக்கத்து ஊர் அணியோடு பயிற்சி ஆட்டம். ஒரு நீளப் பந்து வருகிறது. கம்பம் அதைத் துரத்தி என் பக்கம் ஓடி வருகிறாள். அவள் விட்டால் போதும், நான் அள்ளிக்கொள்வேன். நீ அனுப்பியதை முழுச் சத்தத்தில் எடுத்துவிட்டேன். அதற்கு என்ன பொருள் என்று, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருத்தி பிறகுதான் சொன்னாள். 'அன்புகூர்ந்து அந்தப் பந்தைத் தாங்கள் விட்டுவிட இயலுமா?'

'அன்புகூர்ந்து' என்றபோது பந்து தரையில் குத்தியது. 'தாங்கள்' என்றபோது எதிரணிக்காரி வந்து சேர்ந்தாள். 'இயலுமா' என்று நான் கேட்டபோது பந்து வலைக்குள் இருந்தது. கம்பம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எதிரணிக்காரியும் சிரிக்கிறாள், கோல் போட்டதைக் கொண்டாடக்கூட அவளால் முடியவில்லை.

கோச்சம்மா சிரிக்கவில்லை. இனி இரண்டு வாரத்துக்கு இன்னொரு கோல்கீப்பர் நிற்பாள் என்று விரலால் காட்டினாள். எழுபத்திமூன்று நாளில் பதினான்கு போச்சு.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது யாரையாவது பார்த்து நீ கத்தியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். இனிமேல் எனக்குச் சொல் எதுவும் அனுப்பாதே.


மார்ச் 1

அக்கா,

இதை மூன்று முறை எழுதி அழித்தேன்.

நான் படித்த பாடப்புத்தகத்தில் எல்லோரும் தபால் நிலையத்துக்கு வழி கேட்பார்கள். இப்போது அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பவை இயந்திர உதிரிபாகக் கடிதங்கள். ஒவ்வொன்றும் 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கும். எனக்குத் தெரிந்த அந்த மொழியில் யாருக்கும் அவசரமே வந்ததில்லை.

சனிக்கிழமை அப்பா வேலை பார்க்கும் சரக்குக் கிட்டங்கிக்குப் போயிருந்தேன், அவர் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க. மேஸ்திரி வேலை என்றால் என்ன என்று இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. லாரிகள் பின்பக்கமாக வருகின்றன. ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. நம் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற அப்பா, லாரிக்குப் பின்னால் நின்று கத்துகிறார். "வா... வா... ஒடி... நில்!" அவ்வளவுதான். 'ஒடி' என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பு. சுவருக்கும் லாரிக்கும் இடையில் ஒரு சாண். மூன்று லாரிகள் வந்தன. நீளமான சொல் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

"என்ன, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார்.

"சும்மாப்பா."

"சும்மா நிக்கிற எடமா இது? வண்டி வருது, தள்ளு!"

அங்கேதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. பின்னால் பார்க்க முடியாதவருக்குச் சொல்கிறோம் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மன்னித்துவிடு.

ஆனால் நான் கத்தியதில்லை என்று நீ எழுதியிருக்க வேண்டாம். உண்மைதான். இருந்தாலும் வேண்டாம்.

நீ சொன்னபடி சொல் எதுவும் அனுப்பவில்லை.

பூனை


மார்ச் 12

பூனை! என் பூனை! உட்கார்ந்துகொண்டு படி!

இரண்டு வாரம் முடிந்தும் என்னைக் கூப்பிடவில்லை. பிறகு அந்த இன்னொரு கோல்கீப்பருக்குக் காய்ச்சல். முந்தாநாள் ஆட்டத்தில் கடைசி அரைமணி நேரம் என்னை இறக்கினார்கள். அதே மாதிரி நீளப் பந்து, அதே மாதிரி கம்பம் ஓடி வருகிறாள். யோசிக்க நேரம் இல்லை. என் வாயிலிருந்து வந்தது, "விடுடீ!"

விட்டுவிட்டாள்! சத்தியமாக! காலைத் தூக்கி, பந்தை அடியில் போகவிட்டு, ஒதுங்கிவிட்டாள். நான் அள்ளிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பேயைப் பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கோச்சம்மா என்னைக் கூப்பிட்டாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அந்த ஆங்கிலம் தெரிந்தவளை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது என்ன மொழி?"

"எங்க வீட்டு மொழி. தமிழ்."

"இந்தப் போட்டித்தொடரில் வேறு எந்த அணிக்காவது அது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதுக்கு நாம எல்லாருக்கும் புரியற மொழியில ரகசியம் பேசிட்டிருக்கோம்?"

தடுப்பு வரிசை நால்வரும் இப்போது தமிழ் படிக்கிறார்கள்! கம்பம் சலவைக் கடை வாசலில் நின்று "விடுதீ, விடுதீ" என்று கத்திவிட்டுப் போகிறாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கையில் இருந்ததைக் கீழே விட்டுவிட்டார்.

அன்றைக்கு நான் எழுதியது தப்பு. கோபத்தில் உன் வாயைக் குத்திக்காட்டிப் பேசினேன். நான் அதைப் பேசியிருக்கக் கூடாது. இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், அந்த நாலு சொல்லையும் நீயே எடுத்துக்கொடு. எனக்கு வாய்க்கு வந்ததெல்லாம் கத்த வரும். எதைக் கத்தினால் காற்றிலும் மழையிலும் ஒன்றோடு ஒன்று ஒட்டாது என்று பார்க்க உன் காதுதான் வேண்டும்.

சைரன்


மார்ச் 15

அக்கா,

நான். விடு. ஏறு. தூக்கு.

நான்கும் வெவ்வேறு உயிரொலி. பாதி காற்றில் போனாலும் மீதி நிற்கும். 'எடு' பக்கம் போகவே போகாதே, 'விடு'வோடு சண்டைக்கு வரும்.

சொல்லிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று மொட்டைமாடிக்குப் போனேன். முதல் தடவை வந்தது இருமல். இரண்டாவது தடவை காக்காகூடத் திரும்பவில்லை. நாலாவது 'தூக்கு'க்குக் கீழ்வீட்டு மாமா கையில் கட்டையோடு மேலே வந்துவிட்டார்.

"என்னம்மா, திருடனா?"

"இல்ல மாமா. ஃபுட்பால்."

அவர் என்னையும் வெறும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். கீழே அம்மா, "ஒருத்தி போதாதுன்னு இப்ப இவளுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பூனை


ஏப்ரல் 11

ஒன்றுக்குப் பூஜ்யம்! ஜெயித்துவிட்டோம்! அதுவும் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அணியை!

எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். தொடரில் இது எனக்கு நான்காவது ஆட்டம். எழுபது நிமிஷம் அவர்கள் எங்களை அடைத்துவைத்து அடித்தார்கள். மழை வேறு. நான் "ஏறு!" என்றால் நால்வரும் "ஏறு!" என்று எதிரொலிக்கிறார்கள். அவர்களுடைய முன்வரிசைக்காரி நடுவரிடம் போய், இவர்கள் என்னைத் திட்டுகிறார்கள் என்று புகார் கொடுத்தாள்! நடுவர் என்னிடம் வந்து கேட்க, நான் இல்லை என்று தலையாட்ட, கம்பம் சாட்சிக்கு வந்து நெஞ்சில் கைவைத்து "விடுதீ" என்கிறாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது!

கடைசி நிமிஷம் கார்னர். பதினெட்டுப் பேர் என்னைச் சுற்றி. "நான்!" என்றேன். திரை விலகுகிற மாதிரி நம் பெண்கள் விலகினார்கள். எகிறி இரண்டு கை முஷ்டியாலும் குத்தினேன். பந்து போச்சு. இடது கைச் சுண்டுவிரலும் கொஞ்சம் போச்சு. மூட்டு விலகியதை நானே இழுத்து வைத்துக்கொண்டேன், அம்மாவிடம் சொல்லாதே.

கோச்சம்மா என் கன்னத்தைத் தட்டினாள். அவள் யாரையும் தட்டிப் பார்த்ததில்லை.

சைரன்


ஏப்ரல் 12

அக்கா, பார்த்தோம்!

என் போனைச் சுவரில் சாய்த்துவைத்து, கிளப்பின் நேரலையை நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எங்கள் பின்னால் வந்தார். தொண்ணூறு நிமிஷமும் தேடினார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

கார்னருக்கு முன்னால், "அந்த நெட்டச்சி எதுக்கு அங்க நிக்கிறா? ஒடிச்சு வரச் சொல்லு அவள!" என்று கத்தினார், லாரிக்குச் சொல்கிற அதே குரலில். கீழ்வீட்டு மாமா மறுபடியும் கட்டையோடு வந்தார். இந்த முறை அவரும் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்ததும் அப்பா என்னிடம், "கேட்டா நான் பாக்கலன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

பூனை


ஏப்ரல் 22

பூனை,

ஒப்பந்தம் வந்துவிட்டது! இரண்டு வருடம்! பதினான்கு பக்கம், எனக்குப் புரிந்தது என் பேர் மட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு 'சரி' என்று ஒரே வார்த்தை எழுது, நான் குதிக்க ஆரம்பிக்கிறேன்.


ஏப்ரல் 23

அக்கா,

சரி என்று எழுத ஆசையாக இருக்கிறது. முடியவில்லை.

ஒன்பதாவது விதி. காயத்தால் தொடர்ந்து ஆறு வாரம் ஆட முடியாமல் போனால் கிளப் உடனே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். சம்பளம் நின்றுவிடும், அறையையும் காலி செய்ய வேண்டும். சிகிச்சை உன் செலவு. சுண்டுவிரல் என்றால் போகட்டும். மணிக்கட்டோ முழங்காலோ என்றால்?

ஒன்று கேட்கிறேன். உனக்கு முன்னால் அந்தக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவள் என்ன ஆனாள்?

கையெழுத்துப் போடாதே.


ஏப்ரல் 23, மாலை

மூன்று மாதம் நாயாய் உழைத்து இங்கே வந்து நிற்கிறேன். நீ ஒன்பதாவது விதி என்கிறாய். அப்பாதான் சொல்லிக்கொடுத்தாரா? கால்பந்தில் அடிபடாமல் யார் ஆடுகிறார்கள்? வெள்ளிக்கிழமை போடத்தான் போகிறேன்.


ஏப்ரல் 25

பூனை,

உன் கேள்வி என்னை விடவில்லை. இன்று அந்த ஆங்கிலம் தெரிந்தவளை வைத்துக்கொண்டு கம்பத்திடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து, கிளப்பின் டிக்கெட் கவுன்டருக்குக் கூட்டிப்போனாள். அங்கே உட்கார்ந்திருப்பவளிடம் தினமும் தலையாட்டிவிட்டுத்தான் போகிறேன். இடது கையாலேயே டிக்கெட் கிழிப்பாள். இடதுகைக்காரி என்று நினைத்திருந்தேன்.

வலது மணிக்கட்டு. போன வருடம். ஏழாவது வாரம் கடிதம் வந்ததாம். ஆறு வருடம் இந்த அணிக்கு ஆடியவள்.

அவள் என் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

பூனை, நான் என்ன செய்யட்டும்? கேட்டால் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்காக வாதாட இங்கே யாரும் இல்லை. அந்த அறைக்குள் போனால் எனக்கு வாயும் இல்லை.


ஏப்ரல் 27

அக்கா,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

கிளப் செயலாளருக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்திருந்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். மூன்றாவது முறை அவர் எடுத்துவிட்டார், வேறு வழியில்லை. கோல்கீப்பரின் தங்கை பேசுகிறேன், ஒன்பதாவது விதியைப் பற்றி என்றேன்.

அது எப்போதும் இருப்பதுதான், யாரும் ஆட்சேபித்ததில்லை என்றார்.

"ஆண்கள் அணியின் ஒப்பந்தத்திலும் இதே விதி இருக்கிறதா?" என்று கேட்டேன். இது தாளில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் என்னை ஜெயிக்க யாரால் முடியும்? கடைசியில் அவர்தான், "குழுவில் பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாலா?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

நான் உன் இடத்தைக் காப்பாற்றினேனா, கெடுத்தேனா, தெரியாது. எதுவானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பூனை


ஏப்ரல் 30

பூனை,

அடித்துவிட்டார்கள்! ஒன்பதாவது விதியைப் பேனாவால் குறுக்கே கோடிழுத்து அடித்து, பக்கத்தில் செயலாளர் கையெழுத்து! காயம் ஆனால் முழுச் சம்பளம், சிகிச்சையும் கிளப் செலவு!

நடந்ததைக் கேள். காலையில் குழு அறை வாசலில் தனியாக நின்றேன். கோச்சம்மா வந்தாள். பின்னால் கம்பம். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர், கடைசியாக டிக்கெட் கவுன்டர்க்காரி. உன் போன் விஷயம் எப்படியோ பரவியிருக்கிறது. அந்த விதி இருக்கிற தாளில் இனி யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று கம்பம் உள்ளே போய்ச் சொன்னாள். நான் அறைக்குள் வாயே திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் ஜெயித்த முதல் சண்டை இதுதான். இருபத்திரண்டு பேர் ஒப்பந்தத்திலும் அடித்தாயிற்று!

கடைசிப் பக்கத்தில் 'ஆட்டக்காரரின் பிரதிநிதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விடலாம் என்றார்கள். எனக்கு உன் பேரை எழுத வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உன்னைக் கேட்கவில்லை. இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். மாலை ஐந்து வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதட்டுமா?

இன்னொன்று. கம்பமும் வேறு நான்கு பேரும் தங்கள் ஒப்பந்தங்களை உனக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள்.

சைரன்


ஏப்ரல் 30, பகல் 3.10

அக்கா,

எழுது! பெரிய எழுத்தில் எழுது!

அப்பாவிடம் போன் செய்து சொன்னேன். கிட்டங்கியில் இருந்தார். "ரெண்டு வருஷமா?" என்றார். "அதுக்கப்புறம்?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பின்னால் லாரி உறுமிக்கொண்டிருக்க, வேலையாட்களிடம், "டேய், என் பொண்ணு கோல்கீப்பர்டா! ரெண்டு வருஷத்துக்கு!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. போனை வைக்க மறந்துவிட்டார்.

ஐந்து பேரையும் அனுப்பச் சொல். ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். பதினொன்றாவது விதியில் ஒரு வரி இருக்கிறது: மழை நாளில் நல்ல மைதானம் ஆண்கள் அணிக்கு மட்டும். அதை எழுதியது யார் என்று திங்கட்கிழமை கேட்கப்போகிறேன். செயலாளர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்துச் சொல்.

பூனை